செம்மண் ஊறிய நூல்

பெண்சாதி நபீஸா நெய்த சாரன்களோடு ரயிலேறி யாழ்ப்பாணத்துக்கு விற்கப் போன கச்சி முகம்மது, அங்கே செம்மண் தோட்டத்துச் சுண்ணாம்புக்கல் கிணறு ஒன்றில் விழுந்துவிட்டான். உடலைத் தேடிவிட்டுக் காத்தான்குடிக்குத் திரும்பிய அவனது அண்ணன் உசனார், "மையத்துக் கிடைக்கல்ல. அடியில கல்லெல்லாம் பொந்து. தண்ணி எங்க போய் வெளிக்கிடுதெண்டு ஆருக்கும் தெரியா" என்றார். உம்மா, மகள் நபீஸாவை, விதவை வீட்டோடிருக்க வேண்டிய இத்தாவில் இருத்தினாள்.

ஒரு காலையில் நபீஸா வீட்டுக் கிணற்றில் அள்ளிய தண்ணீர் கலங்கி வந்தது. வாளியின் அடியில் செம்மண் படிந்தது. அதுவோ வெள்ளை மணலில் தோண்டிய கிணறு. அடுத்த வாளியோடு ஒரு நீல நூல் சிக்கி வந்தது. புருசன் உடுத்திப்போன சாரனுக்கென்று அவளே சாயமிட்ட நூல்.

கண்ட நூலைச் சுற்றாமல் விட நெசவுக்காரிக்குக் கை வராது. நுனியை ராட்டில் கட்டிச் சுற்றினாள். ஒரு சாரனுக்கான நூல் வந்த பின்னும் நூல் வந்துகொண்டே இருந்தது. உம்மா கத்தரிக்கோலோடு வந்தாள்.

"அறுத்திரு மகள்."

"பொறுங்க உம்மா. அங்கால இழுபடுது."

நூல் விறைத்தது. நபீஸா கையை எடுத்தாள். ராட்டு நின்றது. பிறகு மெல்ல மறுபக்கம் சுழன்று, நூலைக் கிணற்றுக்குள் விடத் தொடங்கியது.

நூல் தீரப்போகும்போது உம்மா கத்தரிக்கோலை நீட்டினாள். நபீஸா வாங்கவில்லை. தறியிலிருந்த பாவு நூலை இழுத்துவந்து, கிணற்று நூலின் நுனியில் முடிந்தாள்.