செவ்வாய்க்கிழமைக் கடிகாரம்

மீனவர் ஊரான எல்மினாவில், பழைய வழக்கப்படி, செவ்வாய்க்கிழமை யாரும் கடலுக்குப் போவதில்லை. மீன் புகைபோடும் அடுப்பருகே உட்கார்ந்து, அஜோவா தன் கணவன் எபோவின் கைக்கடிகாரத்திலிருந்து வலைபோலப் பின்னிய எஃகுப் பட்டையைக் கழற்றி, வெதுவெதுப்பான சோப்புத் தண்ணீரில் முக்குகிறாள். கரையில் இருக்கும் இந்த ஒரு நாள்தான் அவன் அதைக் கட்டுவான். பழைய பல் பிரஷ்ஷால் பின்னலின் போக்கிலேயே மெல்லத் தேய்க்கிறாள். அவன் வியர்வையும் வலை நூலின் தூசும் கம்பிக் கண்களிலிருந்து கறுப்பாய் வழிந்த காலம் உண்டு. “எட்டு மாசமா யாருமே கட்டாத வாட்சுல என்னடி அழுக்கு இருக்கப்போவுது?” என்று பக்கத்து அடுப்பிலிருந்து மான்சா சீண்டுகிறாள். “அவன் போன வெளிநாட்டுக் கப்பல்ல செவ்வாக்கிழமைகூட லீவு கெடையாதாமே!” அஜோவா கிண்ணத்துக்குள் பார்க்கிறாள். தண்ணீர் தெளிவாகவே இருக்கிறது. கிண்ணத்தின் அடியில் வரைந்த நீலப்பூ அப்படியே தெரிகிறது. துணியால் ஈரத்தை ஒற்றிப் பட்டையைக் கடிகாரத்தோடு சேர்க்கிறாள். வழக்கமாக அது பெட்டிக்குள் போய்விடும். இன்று தன் மணிக்கட்டில் கட்டி, கொக்கியை நகர்த்தி இறுக்குகிறாள். புகைக்குள் கையை விட்டு, எண்ணெய் கசியும் மீன்களைத் திருப்பிப் போடுகிறாள். “அடியே, வாட்சு நாறிப்போயிடும்!” “நாறட்டும்க்கா. அடுத்த செவ்வா கழுவுறதுக்கு ஏதாவது வேணும்ல.”