தொழில் சக்கரவர்த்தி

“பேப்பர்ல உன்னைத் தொழில் சக்கரவர்த்தின்னு போட்டிருக்கான். அப்படின்னா என்னடா அர்த்தம்?”

“பத்து ஃபேக்டரிக்குச் சொந்தக்காரன்னு அர்த்தம்டா.”

“கிழிச்ச. சட்டைப் பட்டனை ஏறுக்குமாறா மாட்டியிருக்க. பார்த்துச் சொல்ல வீட்ல ஒரு ஆள் இல்ல. இதுல சக்கரவர்த்தியாம்.”

தொழிலதிபர் கண்ணில் நீர் வரச் சிரித்தார். இருபது பேர் சாப்பிடக்கூடிய மேஜையில் இரண்டே இரண்டு டீ கப்புகள் இருந்தன.

“இன்னும் திட்டுடா.”

கடிகாரம் ஆறு அடித்தது. எதிரே இருந்தவர் சட்டென்று எழுந்து நாற்காலியை உள்ளே தள்ளினார். மடியில் வைத்திருந்த வாட்ச்மேன் தொப்பியை மாட்டிக்கொண்டார்.

“கேட்டுக்குப் போறேன் ஐயா. நாளைக்கும் ‘டா’ போட்டுத்தான் பேசணுங்களா?”

“ஆமா” என்றார் முதலாளி, நாளைக்கு எந்தப் பட்டனை மாற்றி மாட்டலாம் என்று யோசித்தபடி.