வண்டியில் கோளாறு இல்லை

"இந்த வண்டியைக் கொஞ்சம் மந்தமாக்கித் தரணும் தம்பி. அவருக்குத் தெரியக் கூடாது."

மெக்கானிக் நிமிர்ந்து பார்த்தார். அந்தம்மா பையிலிருந்து எடுத்து மேஜை மேல் வைத்தது ரிமோட்டில் ஓடுகிற வண்டி. பாறை ஏறும் ரகம். வேகம் அதற்கு வராது. கல்லுக்குக் கல் பிடிமானம் பார்த்து நத்தை மாதிரி ஏறும்.

யாருடையது என்று கேட்கவே வேண்டாம். லேத்தில் முப்பது வருஷம் நின்று, நாலு வருஷத்துக்கு முன் ஓய்வு பெற்ற அந்தம்மாவின் கணவர், வீட்டு அறையில் உட்கார்ந்து ஒவ்வொரு பாகமாகக் கடைந்து செய்தது. முன்சக்கரத்துக்குள் எடைக்காக அவர் வைத்த பித்தளை வளையம் எந்தக் கடையிலும் கிடைக்காது. இந்த மாதிரி வண்டிக்காரர்களின் கிளப் போட்டியில் மூன்று வருஷமாக அவர்தான் முதல்.

"சார் ரெண்டு மாசமா கிளப் பக்கமே வரலையேம்மா?"

"வண்டி கவிழுதாம். பத்து தடவை பிரிச்சுப் பார்த்துட்டார். அவருக்குப் பிடிபடலை. உங்ககிட்ட காட்டிட்டு வரச் சொன்னார்."

கடை மூலையில் உடைந்த செங்கல்லைக் குவித்து மெக்கானிக் ஒரு மேடு வைத்திருந்தார். வண்டியை அதில் ஏற்றினார். ஒட்டிக்கொண்ட மாதிரி ஏறி, ஒட்டிக்கொண்ட மாதிரி இறங்கியது.

"இதுல ஒரு கோளாறும் இல்லையேம்மா."

"தெரியும்." அந்தம்மா குரலைத் தாழ்த்தினார். "ரிமோட்ல ஸ்டியரிங்கை லேசா அசைச்சா வண்டி கண்டுக்கக் கூடாது. நல்லாத் திருப்பினாத்தான் திரும்பணும். அப்படி வைக்க முடியும்னு கேள்விப்பட்டேன்."

"முடியும். ரெண்டு நிமிஷ வேலை. ஆனா ஏன்?"

"காரணம் கேக்காதீங்க. அவர் கேட்டா, ஸ்டியரிங் மோட்டார்ல கோளாறு இருந்துச்சு, மாத்திட்டேன்னு மட்டும் சொல்லிடுங்க."

மெக்கானிக்குக்குப் பற்றிக்கொண்டு வந்தது. கணவர் நாள் முழுக்க வண்டியோடு உட்கார்ந்திருப்பது இந்தம்மாவுக்குப் பொறுக்கவில்லை. வண்டியைக் கெடுத்துவிட்டால் ரெண்டு போட்டியில் தோற்பார், வெறுத்துப்போய் பரணில் போட்டுவிடுவார். அதுதானே கணக்கு? மெக்கானிக்குக்கு இதெல்லாம் புதிதல்ல. அவருடைய முதல் வண்டியை அவர் மனைவி பழைய இரும்போடு சேர்த்துப் போட்டவர். சூடு கண்ட பூனை.

"சரிம்மா, சாயங்காலம் வந்து வாங்கிக்குங்க" என்றார்.

ஷாக் அப்சார்பருக்கு எண்ணெய் மாற்றினார். தூசி தட்டினார். ரிமோட் செட்டிங்கைத் தொடவே இல்லை. பாவம், ஒரு நல்ல மனிதரை அவர் வீட்டுக்காரியிடமிருந்து காப்பாற்றிவிட்டோம் என்று மனசுக்குள் ஒரு மிதப்பு.

சாயங்காலம் வண்டியை வாங்கும்போது அந்தம்மாவுக்குக் கண் கலங்கியது.

"இந்த உதவியை மறக்க மாட்டேன் தம்பி."

நடிப்பைப் பார் என்று நினைத்துக்கொண்டார் மெக்கானிக்.

ஞாயிற்றுக்கிழமை காலை கிளப் மைதானத்துக்கு இருவரும் வந்தார்கள். ரெண்டு மாசம் கழித்து வருகிறார் என்று எல்லோரும் சூழ்ந்துகொண்டார்கள். அவர் கூட்டத்தை விலக்கிக்கொண்டு நேராக மெக்கானிக்கிடம் வந்தார்.

"என்ன கோளாறு தம்பி? உள்ளதைச் சொல்லுங்க."

"ஸ்டியரிங் மோட்டார்தான் சார். மாத்திட்டேன். இனிமே பயமில்லை."

தலையில் இருந்த சுமையை இறக்கி வைத்தவர் மாதிரி அவர் பெருமூச்சு விட்டார். மனைவியைத் திரும்பிப் பார்த்துச் சிரித்தார்.

"நான்தான் சொன்னேனே, மோட்டார்தான்னு. நீ என்னடான்னா டாக்டரைப் பாருங்கன்னு உயிரை எடுத்தே."

அந்தம்மாவும் சிரித்தார்.

முதல் பாறையில் வண்டி ஏறிவிட்டது. இரண்டாவது பாறையின் விளிம்பில் நூல் பிடித்த மாதிரி நேராகப் போக வேண்டும். அரை விரற்கடை விலகினால் பள்ளம். வேடிக்கை பார்க்க அவருக்குப் பின்னால் போய் நின்ற மெக்கானிக்கின் கண் தற்செயலாக அவர் கையில் விழுந்தது.

ரிமோட்டைப் பிடித்திருந்த விரல்கள் நடுங்கிக்கொண்டிருந்தன. பெரிதாக இல்லை, லேசாகத்தான். அந்த விரல் நடுங்க நடுங்க, அங்கே பாறை விளிம்பில் முன்சக்கரமும் அதே மாதிரி நடுங்கியது.

'லேசா அசைச்சா கண்டுக்கக் கூடாது' என்று அந்தம்மா கெஞ்சியது ஏன் என்று மெக்கானிக்குக்குப் புரிந்தபோது வண்டி சரிந்துவிட்டது. பள்ளத்தில் மல்லாந்து கிடந்தது.

அந்தம்மா மெக்கானிக்கை ஒரே ஒரு தடவை பார்த்தார். அதற்கு அவர் திட்டியிருக்கலாம்.

மெக்கானிக் பதறிப்போய் முன்னால் வந்தார். "சார், ரிமோட்டைக் கொடுங்க. சின்ன செட்டிங்தான், ரெண்டு நிமிஷம். நான் அன்னைக்கு ஒண்ணு செய்யாம விட்டுட்டேன்..."

அவர் காதில் வாங்கவில்லை. மெதுவாகக் குனிந்து வண்டியை எடுத்தார். கைக்குட்டையால் மண்ணைத் துடைத்துப் பையில் வைத்தார். ஜிப்பைப் பிடித்து இழுக்க அவருக்கு மூன்று தடவை ஆயிற்று. மனைவி உதவிக்கு நீட்டிய கையை வேண்டாம் என்று தள்ளினார்.

பிறகு மெக்கானிக்கின் தோளில் தட்டிக்கொடுத்தார். குரலில் கோபமே இல்லை.

"விடுங்க தம்பி. இத்தனை நாளா வண்டியிலதான் கோளாறுன்னு நம்பிட்டிருந்தேன். அதைத்தான் நீங்க சரி பண்ணிட்டீங்களே."