ஆமாவா, இல்லியா?

ராஜமாணிக்கம் செல்போனை மேஜைமேல் வைத்தார்.

"இந்தப் படத்துல இருக்கறவன் உங்க ரூம்லேர்ந்துதானே வெளிய வர்றான்? கையில மாத்திரை கவரு வேற."

பிரபாவதி படத்தைப் பார்த்தாள். திருத்தணியில் ஓர் ஆஸ்பத்திரி மனநலப் பிரிவில் அவள் சமூகப் பணியாளர். படத்தில் இருந்தவன் டில்லிபாபு. மாதம் தவறாமல் வருகிறவன்.

"இங்க யார் வர்றாங்க, எதுக்கு வர்றாங்கன்னு நான் சொல்லக் கூடாதுங்க."

"என் அக்கா மவன்ம்மா அவன். நாளான்னிக்கு மலைமேல என் பொண்ணுக்குத் தாலி கட்டப்போறான். பள்ளிப்பட்டுல ஊருக்கே பத்திரிகை வெச்சாச்சி. அவனுக்கு மூளைக் கோளாறா? ஆமாவா, இல்லியா? ஒரே வார்த்தை."

"அவரையே கேளுங்களேன்."

"எந்தப் பைத்தியமாச்சும் நான் பைத்தியம்னு ஒத்துக்குமா?"

"அப்படிப் பேசாதீங்க. உடம்புக்கு வர்ற மாதிரிதான் மனசுக்கும்..."

"பாடம் எடுக்காதம்மா!"

கத்தியவர் சட்டென்று குனிந்து அவள் காலைத் தொடப் போனார். அவள் பதறி எழுந்தாள்.

"ஒரே பொண்ணு. தாயில்லாம வளர்த்தேன். அவனுக்கு ஒண்ணுமில்லன்னாச்சும் சொல்லும்மா. போயிடறேன்."

பிரபாவதி வாயைத் திறந்தாள். மூடிக்கொண்டாள்.

அதையே அவர் பதிலாக எடுத்துக்கொண்டார்.

"உனக்கெல்லாம் மனசாட்சியே இல்லியா? ஒரு பொண்ணு வாழ்க்க நாசமாப் போறதப் பாத்துக்கினு உக்காந்திருக்கியே!"

அங்கிருந்தே போன் போட்டார். கல்யாணத் துணி எடுக்க பஜாருக்கு வந்திருந்த டில்லிபாபு, ஐந்தே நிமிடத்தில் மூச்சு வாங்க ஓடிவந்தான்.

"இந்த மாத்திரை யாருக்குடா?"

டில்லிபாபு படத்தைப் பார்த்தான். பிரபாவதியைப் பார்த்தான்.

"எனக்குத்தான் மாமா."

பிரபாவதி அதிர்ந்துபோனாள். "டில்லிபாபு, நீங்க..."

வேண்டாம் என்று கண்ணாலேயே கெஞ்சினான்.

பளார் என்று அறை விழுந்தது.

"பைத்தியத்துக்குக் கல்யாணம் ஒரு கேடா? பைத்தியத்தோட குடும்பம் நடத்தறதுக்கு நாண்டுக்கினு சாவலாம்! கல்யாணம் நின்னுபோச்சி, போடா!"

கை மறுபடியும் ஓங்கியது.

"நைனா!"

வாசலில் அவர் மகள் யுவஸ்ரீ நின்றிருந்தாள். அவனோடு பஜாருக்கு வந்தவள், பின்னாலேயே வந்திருக்கிறாள். முகம் வெளுத்துப்போயிருந்தது.

"பாவாவ அடிக்காத நைனா. அவரு பொய் சொல்றாரு. அது என் மாத்திரை. ரெண்டு வருஷமா எனக்காகத்தான் வந்து வாங்கிக்கினு போறாரு. வேணும்னா மேடத்தைக் கேளு."

ராஜமாணிக்கம் திரும்பினார். பிரபாவதி யுவஸ்ரீயைப் பார்த்தாள். சொல்லுங்க என்று அவள் தலையசைத்த பிறகுதான் வாய் திறந்தாள்.

"ஆமாங்க."

ராஜமாணிக்கம் ஓங்கிய கையை இறக்கினார். டில்லிபாபுவின் தோளைப் பிடித்துக்கொண்டார்.

"பெத்தவன்டா நான். என்கிட்ட ஏன்டா மறைச்சே?"

டில்லிபாபு தலைகுனிந்தபடியே சொன்னான்.

"இப்ப என்னைச் சொன்னீங்களே மாமா... அதையெல்லாம் அவ கேக்க வேணாம்னுதான்."