தினமும் ஒரு பிழை

அவர் குளித்துவிட்டு வருவதற்குள் நான் பில்டை உடைத்துவிட்டேன்.

பெரிய வேலையில்லை. அவருடைய லேப்டாப்பைத் திறந்து, நிரலில் ஒரு கூட்டல் குறியைக் கழித்தலாக மாற்றினேன். மூடி வைத்துவிட்டு, ஒன்றும் தெரியாதவள் போல டீ போடப் போனேன்.

தலையைத் துவட்டிக்கொண்டே வந்தார். சட்டைப் பொத்தான்களை ஒன்று தள்ளி மாட்டியிருந்தார். நான் கண்டுகொள்ளவில்லை.

"பில்ட் உடைஞ்சிருக்குங்க. காலைல இருந்து ஒரே சிவப்பு," என்றேன்.

"எந்தப் புண்ணியவான் வேலை?" என்று கேட்டபடி உட்கார்ந்தார். முகத்தில் அப்படியொரு சந்தோஷம்.

கடல்நீர் எப்போது ஏறும், எப்போது இறங்கும் என்று கணக்குப் போடும் மென்பொருள், நாங்கள் ஒரு குழுவாகச் சேர்ந்து எழுதுவது. துறைமுகக்காரர்கள் முதல் ஆராய்ச்சி மாணவர்கள் வரை பலரும் எடுத்துப் பயன்படுத்துகிறார்கள். யார் எந்த வரியை மாற்றினாலும், முழுவதையும் மறுபடி கட்டி, விடை தெரிந்த பழைய கணக்குகளைக் கொடுத்துச் சோதித்துப் பார்ப்போம். விடை சரியென்றால் பச்சை, தப்பென்றால் சிவப்பு. பில்ட், டெஸ்ட் என்கிற இந்தக் கட்டுமானமும் சோதனையும் ஒழுங்காக நடக்கிறதா என்று பார்த்துக்கொள்ள ஓர் ஆள் வேண்டும்.

அந்த ஆள் இவர்தான். குழுவில் இவருக்குப் பெயரே 'கறார்'.

இப்போது அந்த ஆள் நான். இவருக்கு மறதி நோய் என்று டாக்டர் சொன்ன பிறகு, குழு அந்த வேலையை என்னிடம் கொடுத்தது. இவரிடம் இருப்பது ஒரு பழைய பிரதி. அதில் என்ன செய்தாலும் வெளியே யாருக்கும் ஒன்றும் ஆகாது. அது இவருக்குத் தெரியாது.

தினமும் ஒரு பிழை வைக்கிறேன். இவர் கண்டுபிடிக்கிறார். கண்டுபிடித்த நாளெல்லாம் இவர் இவராகவே இருக்கிறார். என் சமையலைக் கிண்டல் செய்கிறார். மகளுக்குப் போன் போட்டுத் தொணதொணக்கிறார். ஒரு ஞாயிற்றுக்கிழமை, போனால் போகட்டும் என்று வைக்காமல் விட்டுப் பார்த்தேன். அன்று சாயங்காலம் செருப்பை மாட்டிக்கொண்டு வாசலில் நின்றார், வீட்டுக்குப் போக வேண்டுமாம்.

மருந்து மாத்திரை எல்லாம் பெயருக்குத்தான். எனக்கு மிச்சமிருப்பது இந்தப் பிழை ஒன்றுதான்.

ஆரம்பத்தில் அடி ஆழத்தில் ஒளித்து வைப்பேன். டீ ஆறுவதற்குள் மனுஷன் பிடித்துவிடுவார். பிறகு கொஞ்சம் மேலே வைத்தேன். அப்புறம் இன்னும் மேலே. இன்று வைத்தது முதல் பக்கத்திலேயே, கண்ணைக் குத்துகிற மாதிரி.

ஓடவிட்டுப் பார்த்தார். சிவப்பு.

எந்த டெஸ்ட் ஃபெயில் ஆனது என்ற வரியை விரலை வைத்துப் படித்தார். மேலே போனார், கீழே வந்தார். திரைச்சீலையைச் சரிசெய்கிற சாக்கில் நான் அவர் பின்னால் போய் நின்றேன். அந்தக் கழித்தல் குறியைத் தாண்டிப் போனார். திரும்பி வந்தார். மறுபடியும் தாண்டிப் போனார்.

அங்கேதான், அங்கேதான் என்று என் மனசு அடித்துக்கொண்டது. வாயைத் திறந்தால் போச்சு. நான் சொல்லிக்கொடுத்து அவர் கண்டுபிடித்து என்ன பிரயோஜனம்?

டீ ஆடை கட்டிவிட்டது. உதட்டைக் கடித்துக்கொண்டார். காதெல்லாம் சிவந்துவிட்டது. அழுதுவிடுவாரோ என்று பயமாக இருந்தது. இன்றோடு முடிந்தது என்று நினைத்தேன். பார்க்கச் சகிக்காமல் என் மேசைக்கே திரும்பிப் போய் உட்கார்ந்துகொண்டேன்.

பிறகு கீபோர்டு படபடவென்று தட்டப்படுவது கேட்டது.

"பாஸ் ஆயிடுச்சு!"

திரை முழுக்கப் பச்சை. ஓடிப்போய் அவரைப் பின்னாலிருந்து கட்டிக்கொண்டேன். கல்யாணமான புதிதில்கூட அப்படிக் கட்டிக்கொண்டதில்லை. அவருக்கு வெட்கம் வந்துவிட்டது. போதும், டீயைச் சூடு பண்ணு என்று என் கையைத் தட்டிவிட்டார்.

அவர் தோளுக்கு மேலாகத்தான் பார்த்தேன். கழித்தல் குறி அப்படியே இருந்தது.

டெஸ்ட்தான் இல்லை. தப்பு என்று சொன்ன டெஸ்டையே அழித்திருந்தார். தப்பைக் கேட்க ஆளில்லை, அதனால் எல்லாம் பச்சை.

எங்கள் தொழிலில் இதைவிடக் கேவலம் கிடையாது. என் தம்பி இந்தக் குழுவில் இருந்தபோது, அவசரத்தில் ஒருமுறை இதைச் செய்தான். மச்சான் என்றும் பார்க்காமல் இவர் அவனை எல்லார் முன்னாலும் வெளுத்து வாங்கினார். மாதக்கணக்கில் அவனோடு முகம் கொடுத்துப் பேசவில்லை. அவனுக்கு வக்காலத்து வாங்கப் போன எனக்கும் அதே கதிதான்.

"எவனோ தேவையில்லாம ஒரு டெஸ்டப் போட்டு வெச்சிருக்கான். தூக்கிட்டேன்," என்றார். "யாருன்னு பாத்து, அவன்கிட்ட ஒரு வார்த்தை சொல்லி வை."

பார்க்க வேண்டிய அவசியமே இல்லை. எங்கள் மகள் கைக்குழந்தையாக இருந்தபோது, அவளை மடியில் போட்டுக்கொண்டு இவர் ஒற்றைக் கையால் தட்டித் தட்டி எழுதிய டெஸ்ட் அது.

"சொல்றேங்க," என்றேன்.

அதை எழுதியவனிடம் சொல்ல எனக்கு எவ்வளவோ இருந்தது. டீ டம்ளரை எடுத்துக்கொண்டு சமையலறைக்குப் போனேன். அடுப்பைப் பற்றவைக்காமல் அதன் முன்னால் நின்று அழுதேன்.