மூவாயிரம் அடி

தூத்துக்குடியில் இறங்கும்போது மட்டும் விமானத்தைக் கையால் ஓட்ட மெர்சலினுக்கு அனுமதி உண்டு. மற்ற நேரமெல்லாம் அது தானாகவே பறக்கும். அன்று பயணிகளில் ஒருவராக அவள் அப்பா பெர்க்மான்ஸ் உட்கார்ந்திருந்தார். "எம்மவதான் ஓட்டுதா" என்று பக்கத்து இருக்கைக்காரரிடம் ஏறியதிலிருந்து சொல்லிக்கொண்டே வந்தார்.

மூவாயிரம் அடிக்கு இறங்கி, அடுத்த உத்தரவு வரும்வரை அதே உயரத்தில் பறக்கக் கட்டுப்பாட்டு அறையிலிருந்து சொல்லியிருந்தார்கள். மெர்சலின் ஒலிபெருக்கியில், "இடது பக்கம் பாருங்க, நம்ம உப்பளம்" என்றாள். அப்பாவுக்காகத்தான் சொன்னாள். சொல்லி முடிப்பதற்குள் விமானம் இன்னும் கீழே போய்விட்டது.

ஒரு குலுக்கலோடு அது தானே மேலேறிக்கொண்டது. விமானத்துக்குப் பொய் சொல்லத் தெரியாது, கூச்சமும் கிடையாது. "விமானி கவனக்குறைவால் சொன்ன உயரத்துக்குக் கீழே இறங்கிவிட்டார். இனி நானே ஓட்டுகிறேன்" என்று எல்லோருக்கும் கேட்கும்படி அறிவித்தது.

தவறு செய்த விமானி வாசலில் நின்று ஒவ்வொரு பயணியிடமும் மன்னிப்புக் கேட்க வேண்டும் என்பது விதி. தரையிறங்கியதும் மெர்சலின் மன்னிப்புக் கேட்டுக்கொண்டே நின்றாள். குழந்தையை இறுக அணைத்திருந்த ஒருத்தி முகத்தைத் திருப்பிக்கொண்டு போனாள்.

அடுத்து அப்பா வந்தார். அவருக்குப் பின்னால் நின்ற பக்கத்து இருக்கைக்காரர், "ஓய், இதுதான உம்ம மவ?" என்று கேட்டார்.

பெர்க்மான்ஸ் தரையைப் பார்த்தார். "இல்ல வே. எம்மவ வேற பிளேன் ஓட்டுதா."

மெர்சலின் கைகூப்பினாள். "மன்னிச்சிருங்க சார்."

கைப்பிடியைப் பற்றிப் படியில் கால் வைத்தவர், திரும்பிப் பார்க்காமல் சொன்னார்:

"பரவால்ல மேடம்."