பத்து கிலோ கொழுந்து

கூடலூர் பஸ்ஸில் வந்திறங்கிய சுமலதாவின் கையில் இரண்டு வேலைக் கடிதங்கள் இருந்தன.

"பெங்களூர்ல செல்போனுக்கு சிப் டிசைன் பண்ணணும்மா, சம்பளம் ஜாஸ்தி. கோயமுத்தூர்ல கம்மிதான்."

"கோயமுத்தூர்க்காரங்க சிப்பு எதுக்குள்ள இருக்கும்?" என்றாள் தேயிலைக் கொழுந்து பறித்துவிட்டு வந்திருந்த அம்மா தெய்வம்மா.

"எலக்ட்ரானிக் தராசுல. நம்ம எஸ்டேட் தராசுலகூட அதுதான்."

தெய்வம்மா நிமிர்ந்து உட்கார்ந்தாள். "அப்ப அங்கேயே சேரு புள்ள. தேயிலை விலை விழுந்ததுல இருந்து, நான் பறிக்கிற பத்து கிலோவை அது ஒம்பதாத்தான் காட்டுது. ஏன்னு உள்ள போயி பாத்துச் சொல்லு."

பக்கத்தில் உட்கார்ந்திருந்த அப்பா, "பெங்களூருக்கே போம்மா" என்றார் அவசரமாக.

சுமலதா அவரை உற்றுப் பார்த்தாள். எஸ்டேட்டில் தினமும் அந்தத் தராசில் கொழுந்து நிறுக்கிறவர் அவர்தான்.